அல்சூர்: வந்தவர்கள் வளர்த்த பேட்டை

பெங்களூருக்குப் போகிற நம்மவர்கள் பார்த்துவிட்டு வரும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். லால்பாக், கப்பன் பூங்கா, விதான சௌதா, எம்.ஜி. ரோடு, ஒரு நாள் கூடுதலாக இருந்தால் பன்னேருகட்டா. அதே எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறிக் கிழக்கே இரண்டாவது நிலையத்தில் இறங்கினால் அல்சூர் வந்துவிடும். மெட்ரோ பலகையில் ஹலசூரு என்று இருக்கும். ஏரியில் படகு விடுவார்கள் என்பதற்கு மேல் இந்தப் பேட்டையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பெங்களூரில் பார்க்க ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், அந்த நாளை அல்சூருக்குக் கொடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பல ஊரிலிருந்து பல மொழி பேசிக்கொண்டு வந்தவர்கள் ஓர் இடத்தைத் தங்கள் ஊராக்கிக்கொண்ட கதை இங்கே தெருத்தெருவாக எழுதிக் கிடக்கிறது.

நிலையத்தின் படியிறங்கிக் கால் வைத்தால் பழைய மெட்ராஸ் ரோடு. கோலார் வழியாகச் சென்னைக்குப் போகும் பழைய பாதை இது. மாட்டு வண்டியும் பல்லக்கும் குதிரைப்படையும் போன பாதைக்கு மேலே 2011 அக்டோபர் முதல் மெட்ரோ ஓடுகிறது. இருபுறமும் இரும்புக்கடை, மின்சாமான் கடை, தர்ஷினி உணவகம். ஒரு திருப்பம் திரும்பினால் சத்தம் பாதியாகக் குறைந்து, சோமேஸ்வரர் கோயில் கோபுரம் கண்ணில் படும்.

பேட்டையிலேயே மூத்தது இந்தக் கோயில்தான். சோழர் காலத்தில் தொடங்கியது என்பது மரபு. இன்று நாம் பார்க்கிற மண்டபமும் கோபுரமும் விஜயநகரப் பாணியைச் சேர்ந்தவை; பெங்களூரை உருவாக்கிய கெம்பே கௌடர் குடும்பத்தின் திருப்பணி. கெம்பே கௌடர் இந்தப் பக்கம் வந்தபோது ஒரு மரத்தடியில் கண்ணயர்ந்தார், கனவில் சோமேஸ்வரர் தோன்றிப் புதையல் இருக்கும் இடத்தைக் காட்டி, அதை எடுத்துத் தனக்குக் கோயில் கட்டச் சொன்னார் என்று கதை. கோயிலில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள்.

முன்மண்டபத்தில் நாற்பத்தெட்டுத் தூண்கள். கூட்டம் வருமுன் காலையில் போனால் ஒவ்வொரு தூணாக நின்று பார்க்கலாம். ராவணன் கயிலையைத் தூக்குகிறான். மகிஷனைத் துர்க்கை வதைக்கிறாள். பார்வதிக்குத் திருமணம் நடக்கிறது. கொஞ்சம் நிதானித்துத் தேடினால் நாயன்மார்களும் கிடைப்பார்கள். தேவாரம் பாடிய மண்ணின் அடியார்கள் கன்னட நாட்டுச் சிற்றரசர் குடும்பம் எடுத்த கோயிலில் கல்லாக நிற்கிறார்கள். வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு தமிழர்கள் இங்கே வந்து சேர்வதற்கு முன்பே செய்துவைத்த சிற்பங்கள் இவை. பேட்டைக்கு வந்து இறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கும்பிடத் தெரிந்த முகங்கள் முன்னாலேயே வந்து காத்திருந்தன.

அந்தக் குடும்பங்கள் எப்படி வந்தன என்பதைச் சொல்ல 1799-க்குப் போக வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு கம்பெனிப் படை அங்கேயே தங்கியது. காவிரித் தீவின் கொசுவும் காய்ச்சலும் சிப்பாய்களை வாட்டின. மேட்டு நிலமும் நல்ல காற்றும் உள்ள இடம் தேடியவர்கள் 1809-இல் பெங்களூருக்கு மாறினார்கள். மைசூர் அரசு கொடுத்த நிலம் அல்சூரை ஒட்டியிருந்தது. அங்கே கண்டோன்மென்ட் எழுந்தது.

பட்டாளம் தனியாக வராது. அதற்குச் சமைக்க, துவைக்க, தைக்க, குதிரைக்குப் புல் அறுக்க, கட்டடம் கட்ட, கணக்கு எழுத, காய்கறி விற்க ஆள் வேண்டும். மெட்ராஸ் படையின் கண்டோன்மென்ட் என்பதால் அந்த ஆட்களில் பெரும்பாலோர் ஆற்காடு, வேலூர், சேலம் பக்கத்துத் தமிழர்கள். கூடவே தெலுங்கர்கள், உருது பேசும் முஸ்லிம்கள். 1864-இல் பெங்களூர் கண்டோன்மென்டுக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும் வருவது இன்னும் எளிதானது. மேற்கே பழைய பேட்டை மைசூர் மகாராஜாவின் ஊர், அங்கே கன்னடம். கிழக்கே கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் ஊர். அங்கே தமிழும் உருதும் தெலுங்கும் ஆங்கிலமும். இரண்டுக்கும் நடுவே கப்பன் பூங்கா. 1881-இல் மைசூர் ராஜ்யம் மன்னரிடம் திரும்பிய பின்னும் கண்டோன்மென்ட் மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. சுதந்திரத்துக்குச் சில வாரங்களுக்கு முன், 1947 ஜூலையில்தான் மைசூரிடம் வந்தது. 1949-இல் இரண்டு ஊர்களும் ஒரே மாநகராட்சி ஆயின. அல்சூரின் தாத்தா பாட்டிகள் இன்னும் "சிட்டிக்குப் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பழைய ஊர்ப் பக்கமுள்ள மெஜஸ்டிக்குக்குக் கிளம்புகிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

கோயிலைச் சுற்றிய பஜார் தெருக்களில் காலை எட்டு மணிக்கு நடக்க வேண்டும். தெரு குறுகல், வீட்டு வாசலில் கோலம், பக்கத்து வாசலில் ரங்கோலி. மாடிப்படியின் அடியில் அரை ஆள் அகலத்தில் இஸ்திரிக் கடை. பழைய ஓட்டு வீடு ஒன்று, அப்படி ஒன்றை இடித்து எழுப்பிய நான்கு மாடி ஒன்று என மாறி மாறி வருகின்றன. கோயில் வாசலில் ஓர் அம்மா பூ விற்றுக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். கூடையில் மல்லிகையும் கனகாம்பரமும், ஓரமாகத் துளசி.

"மொளா எஷ்டம்மா?" என்று ஒரு பெண் கன்னடத்தில் கேட்டாள்.

"மூவத்து ரூபாயி, தகோ கண்ணா" என்று அளந்து கொடுத்தார்.

அடுத்து வந்தவள், "என்னக்கா, நேத்து ஆளையே காணோம்?" என்றாள்.

"பேத்தி ஸ்கூல்ல மீட்டிங்கு தங்கச்சி. அவ அம்மாவுக்கு லீவு குடுக்கல, நான் போனேன்" என்றார். கை மட்டும் பூவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குள் பைக்கில் வந்து நின்ற ஓர் இளைஞரிடம் உருது கலந்த இந்தியில் சில்லறை கேட்டார்.

அவர் எந்த ஊர் என்று கேட்டேன். "இதே ஊருதான்" என்றார். உங்க பெரியவங்க எந்த ஊர் என்று மாற்றிக் கேட்டதும், "தாத்தா திருப்பத்தூர் பக்கம். நான் பொறந்து வளந்ததெல்லாம் இந்தத் தெரு, எம் புள்ளைங்க பொறந்ததும் இங்கதான்" என்றார். அந்த "இதே ஊருதான்" என்ற பதிலில் தயக்கமே இல்லை. ஐந்து நிமிடத்தில் மூன்று மொழி பேசியவர் அதைப் பெருமையாகவும் நினைக்கவில்லை. அவருக்கு அது பிழைப்பு, அக்கம்பக்கம், வாழ்க்கை.

வந்தவர்கள் சம்பாதித்தார்கள். சம்பாதித்ததில் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் அல்சூரின் பெருமை புரியும். ஏரிக்கரைக்குப் போகும் வழியில் ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். என்ற எழுத்துகளைப் பள்ளிச் சுவரிலும் மைதானத்து வாசலிலும் பார்க்கலாம். ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாருடையது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். 1827-இல் பிறந்தவர், எளிய குடும்பம். வியாபாரத்தில் இறங்கி, பிறகு பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் ஆனார். இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் சிவப்பு நிற அட்டாரா கச்சேரியை எடுத்துக் கட்டியவர் அவர்தான். 1868-இல் அது முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1873-இல், ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அறக்கட்டளை அமைத்துச் சொத்தை அதற்கு எழுதினார். 1910-இல் அவர் மறைந்தார். பள்ளிகளும் கல்லூரியும் இன்றும் நடக்கின்றன.

நான் போன நேரம் மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பந்தைத் தூக்கி அடிக்க, கன்னடத்தில் "ஹிடி, ஹிடி" என்று ஒரு குரல், தமிழில் "விட்றாதடா" என்று இன்னொரு குரல். நாராயணசாமி முதலியார் யார் என்று அவர்களிடம் கேட்டேன். "ஸ்கூல் கட்டினவரு" என்றான் ஒருவன். நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு ஒரு மனிதரை ஒரு பேட்டைப் பையனால் இரண்டே வார்த்தையில் சரியாகச் சொல்ல முடிகிறது என்றால், அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேறு நினைவுச்சின்னம் தேவையில்லை.

மைதானத்தைத் தாண்டினால் ஏரி. ஏறக்குறைய 120 ஏக்கர்; நடுவில் மரங்கள் அடர்ந்த சிறு தீவுகள். கெம்பே கௌடர் வழியினர் வெட்டியது என்பார்கள். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன் கண்டோன்மென்டின் தாகம் தீர்த்த ஏரிகளில் இதுவும் ஒன்று. ஒரு கரையில் மெட்ராஸ் சேப்பர்ஸ் படையின் மையம். 1780-இல் தொடங்கிய இந்தப் பொறியாளர் படைக்கு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பெங்களூர்தான் தாய்வீடு. படைவீரர்களை அன்பாகத் 'தம்பி' என்று அழைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகளெல்லாம் பயன்படுத்திய 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிக்குழாய், 1912-இல் இந்தப் படையின் அதிகாரி மெக்ளின்டாக் இங்கே உருவாக்கியது. ஓய்வுபெற்ற சிப்பாய்கள் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். காலை நடைக்கு வருபவர்களில் முதுகு நிமிர்ந்து நடக்கும் பெரியவரைப் பார்த்தால், "எந்த வருஷம் ரிட்டயர் ஆனீங்க ஐயா?" என்று தைரியமாகக் கேட்கலாம். பதில் பெரும்பாலும் கிடைக்கும்.

ஏரியை ஒட்டிய கென்சிங்டன் ரோட்டில் வெள்ளைக் குவிமாடங்களோடு குருத்வாரா நிற்கிறது. 1940-களில் எழுந்தது, நகரத்திலேயே பெரியது. லங்கர் என்ற பொது உணவுக்கூடத்தில் பந்தி எல்லாருக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கே தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடுபவர்களில் தலைப்பாகை கட்டியவர்கள் எத்தனை பேரோ, திருநீறு பூசியவர்களும் கிட்டத்தட்ட அத்தனை பேர். பக்கத்துத் தெருக்களில் மாதா கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் மசூதி. கிழக்கே மர்ஃபி டவுன்: உழைக்கும் மக்களுக்கென ஆங்கிலேயர் காலக் கடைசியில் திட்டமிட்டுக் கட்டிய குடியிருப்பு, ஒரு பொறியாளரின் பெயரைத் தாங்கியது. அயர்லாந்தில் தெருவுக்குத் தெரு கேட்கும் அந்தக் குடும்பப் பெயரை அல்சூர்ப் பாட்டிகள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சொல்லிக்கொண்டு அங்கே காய்கறி வாங்கப் போகிறார்கள்.

ஏரிக்கு எதிரே அண்ணாசாமி முதலியார் ரோட்டில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். 1950-இல் தொடங்கியது. உள்ளே நூலகம், கூட்ட அரங்கு. நூலகத்து மேஜையில் நாளிதழை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு தாள் படித்துக்கொண்டிருந்தார்கள் பெரியவர்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் பூட்டிக் கிடக்கும் நூலகங்களைப் பார்த்த கண்ணுக்கு, கர்நாடகத்தின் தலைநகரில் எழுபது ஆண்டுக்கும் மேலாக மக்கள் பணத்தில் நடக்கும் ஒரு தமிழ் நூலகம் மனநிறைவைத் தந்தது.

சங்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், ஏரியைப் பார்த்தபடி திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். அந்தச் சிலையின் வரலாற்றை ஒதுக்கிவிட்டு அல்சூரைப் பற்றிப் பேச முடியாது. 1991-இல் சிலை வைத்தார்கள்; திறக்க முடியவில்லை. எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிப் பிரச்சினை கலவரமாக வெடித்து, பெங்களூர்த் தமிழர்கள் அடிபட்டார்கள், வீடு இழந்தார்கள். சிலை பதினெட்டு ஆண்டு துணியால் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, அப்போதைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் தமிழக முதல்வர் கருணாநிதியும் சேர்ந்து நிற்க, துணி விலகியது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் சொன்னவர் பெங்களூரில்; மூவடியில் அறம் சொன்னவர் சென்னையில்.

அரசுகள் பேசி முடிக்கப் பதினெட்டு ஆண்டு ஆனதைப் பேட்டை மக்கள் அன்றாடம் முடித்துக்கொண்டே இருந்தார்கள். தேநீர்க் கடையில் என்னோடு பேசிய மளிகைக் கடைக்காரர் ஒருவர் அந்தக் கலவர நாட்களை நினைவுபடுத்திக்கொண்டு, "பயந்தோம், இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க தெருவுல பக்கத்து வீட்டு கௌடரு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டாரு. அவரத் தாண்டி யாரு வருவா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமானால் அதற்கு முன் முப்பது ஆண்டு பழக்கம் வேண்டும். தீபாவளிப் பலகாரம் போயிருக்க வேண்டும். யுகாதிக்கு ஒப்பட்டு என்ற போளி வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒருவர் ஓடும்போது மற்றவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒற்றுமை என்பது இப்படிச் சிறுகச் சிறுகச் சேரும் சேமிப்பு. நெருக்கடி வரும் நாளில் அதிலிருந்துதான் எடுக்க முடியும்.

அந்தச் சேமிப்பு எப்படிச் சேர்கிறது என்று பார்க்க விரும்புபவர்கள் சித்திரை மாதத்தில் வர வேண்டும். சோமேஸ்வரர் உற்சவத்தில் பூப்பல்லக்கு நடக்கும் இரவு அல்சூர் தூங்குவதில்லை. வட்டாரத்துக் கோயில்களின் உற்சவமூர்த்திகள் பூவால் கட்டிய பல்லக்குகளில் தெரு வழியே வருவார்கள். மல்லிகையும் சம்பங்கியும் ரோஜாவும் சேர்ந்த வாசனை தெருமுனையிலேயே வந்து முகத்தில் மோதும். நாதஸ்வரம் ஒரு பக்கம், தமட்டை ஒரு பக்கம். வாசலுக்கு வாசல் அண்டாவில் பானகம், நீர்மோர், தொன்னையில் கோசம்பரி. கொடுப்பவர் வாங்குபவரின் சாதியையும் மொழியையும் கேட்பதில்லை. "இன்னொண்ணு எடுத்துக்கோ" என்று மட்டும் சொல்கிறார். கல்யாணமாகி வொயிட்ஃபீல்டுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் போன பெண்கள் அன்றைக்குப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்திருக்கிறார்கள். அவரவர் கோயில் பல்லக்கு மற்றதைவிட அழகாக வர வேண்டும் என்று போட்டியும் இருக்கிறது. அந்தப் போட்டிக்காக ஒவ்வொரு தெருவும் மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறது, கூடிப் பேசுகிறது, வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறது. பேட்டைக்கு உயிர் கொடுப்பது இந்தக் கூட்டு வேலைதான்.

கவலைப்பட வேண்டிய விஷயங்களும் உண்டு. 2016 மார்ச்சில் இந்த ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து நேர்ந்த கொடுமை அது. விநாயகர் சிலைகளைக் கரைக்க ஏரி ஓரமாகத் தனிக் குளம் கட்டியிருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் சாக்கடை வந்து சேரும் வழிகளை முழுவதும் அடைக்காமல் ஏரி பிழைக்காது. மெட்ரோ வந்த பிறகு நிலத்தின் விலையும் வாடகையும் ஏறிவிட்டன. பூ விற்பவரும் இஸ்திரி போடுபவரும் வாடகை கட்ட முடியாமல் வெளியே தள்ளப்பட்டால், கோபுரமும் ஏரியும் மட்டும் இருக்கும், அல்சூர் இருக்காது. தெருவோரச் சிறு கடைகளுக்கும் சிறு வீடுகளுக்கும் இடம் வைக்கிற திட்டம் மாநகராட்சிக்கு வேண்டும். பழைய குடிகளும் அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்று ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் கணினி வேலைக்காகப் பெங்களூருக்கு வருகிறார்கள். வாயிற்காவலர் உள்ள அடுக்குமாடி, அலுவலகப் பேருந்து, வார இறுதியில் ஊருக்கு இரவுப் பேருந்து. இப்படியே பத்து ஆண்டு போய்விடுகிறது. நகரத்தின் போக்குவரத்தைக் குறை சொல்லத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாது. அவர்களுக்கும் முன்பே வந்தவர்கள் அவர்களைவிடக் குறைந்த படிப்போடும் வெறும் கையோடும் இங்கே இறங்கினார்கள். கன்னடம் கற்றார்கள். பள்ளி வைத்தார்கள், நூலகம் வைத்தார்கள், திருவிழாவில் தோள் கொடுத்தார்கள். தங்கள் மொழியையும் விடவில்லை.

வந்த ஊரில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்பது வாடகை ரசீது சொல்லும் கணக்கு. அந்த ஊருக்குப் பொதுவாக எதைச் செய்தோம் என்பதுதான் நம்மை அந்த ஊர்க்காரர் ஆக்கும். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அல்சூர் வந்து இந்தத் தெருக்களில் நடக்க வேண்டும். பிறகு தாங்கள் இருக்கும் பகுதிக்குத் திரும்பி, அங்கே உள்ள ஏரிக்கோ, அரசுப் பள்ளிக்கோ, நூலகத்துக்கோ தங்களால் ஆனதைச் செய்யத் தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ள வேண்டிய கன்னடத்தைப் பக்கத்து வீட்டிலிருந்தே தொடங்கலாம்.